கல்மேல் கல் வைத்துக் கட்டிய கடற்கரை

இத்தாலியின் வடமேற்கில், பிரான்ஸ் எல்லையிலிருந்து பிறை போல் வளைந்து இறங்கும் லிகூரியா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் ஐந்து சிற்றூர்கள் கடலோரமாக வரிசையாக அமைந்துள்ளன. வடக்கிலிருந்து வந்தால் மோந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. ஐந்தையும் சேர்த்து சிங்குவே தெர்ரே என்று அழைக்கிறார்கள். முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் பத்துக் கிலோமீட்டர்கூட வராது. ஐந்து ஊர்களிலும் நிரந்தரமாக வாழ்பவர்கள் நான்காயிரத்துக்கும் குறைவு. ஆனால் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வருகிறார்கள்.

அவர்கள் பார்க்க வருவது செங்குத்தான மலைச்சரிவு, அதன் இடுக்குகளில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் செம்மண் நிறமும் பூசிய வீடுகள், கீழே நீலக் கடல். இயற்கையின் அழகு என்றுதான் பலரும் இதைச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். இங்கே கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே மலை 800 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. உயர்ந்த சிகரமான மல்பெர்த்தூஸோ 815 மீட்டர். சமதளம் என்று சொல்ல ஒரு துண்டு நிலமும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் பயிர் செய்து வாழ வேண்டுமென்றால் முதலில் நிலத்தையே உண்டாக்கியாக வேண்டும். சிங்குவே தெர்ரேயின் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்தார்கள். இன்று படம்பிடிக்கப்படும் மலைச்சரிவின் ஒவ்வொரு படியும் ஒரு குடும்பம் உண்டாக்கிய தோட்டம்.

வேலை நடந்த முறை இது. சரிவில் இருந்த காட்டையும் புதரையும் அழித்து, மணற்பாறையை உடைத்து, பெரிய கற்களைத் தனியாகவும் பொடிக்கற்களைத் தனியாகவும் பிரித்தார்கள். பெரிய கற்களை அடியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, மலையின் பக்கம் சற்றே சாயும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுண்ணாம்போ களிமண்ணோ எந்தச் சாந்தும் கிடையாது. சுவருக்குப் பின்னால் பொடிக்கற்களை நிரப்பி, அதற்கும் பின்னால் சலித்த மண்ணைக் கொட்டினால் சில அடி அகலத்தில் ஒரு படித்தளம் கிடைக்கும். அடுத்த சுவர் அதற்கு மேலே தொடங்கும்.

சாந்து பூசாமல் விட்டது செலவை மிச்சப்படுத்த அல்ல. மழை பெய்யும்போது மண்ணில் இறங்கும் நீர் கற்களின் இடுக்கு வழியே கசிந்து வெளியேறிவிடும். சிமெண்டுச் சுவராக இருந்தால் நீர் பின்னால் தேங்கி, மண் கனத்துச் சுவரையே தள்ளிவிடும். அதே இடுக்குகள்தான் இந்தச் சுவரின் பலவீனமும்கூட. ஒரு கல் நழுவினால் பக்கத்துக் கற்கள் தளரும். சுவர் வயிறு தள்ளும். அடுத்த பெருமழையில் சரியும். ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் சுவர்களைச் சுற்றிப் பார்த்து விழுந்ததை எடுத்து வைக்க ஆள் வேண்டும். இப்பகுதியில் உள்ள சுவர்களை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் வரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எந்த அரசனும் ஆணையிட்டுக் கட்டிய சுவர் அல்ல இது. திராட்சையும் ஆலிவும் பயிரிட்ட ஏழை விவசாயிகள், தலைமுறை தலைமுறையாக, தங்கள் தங்கள் பங்குக்குக் கட்டியது. பெண்கள் கல்லையும் மண்ணையும், அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளையும் தலையில் சுமந்து ஏறி இறங்கினார்கள். ரியோமஜ்ஜோரேயில் ஓவியர் சில்வியோ பெனெதெத்தோ தீட்டிய பெரிய சுவரோவியங்களில் இந்த உழைப்பாளிகள்தான் நாயகர்கள். ஊருக்குள் நுழைபவர் முதலில் பார்க்க வேண்டியவை அவை.

யுனெஸ்கோ 1997-இல் இந்த ஐந்து ஊர்களையும் பக்கத்திலுள்ள போர்த்தோவெனெரே நகரையும் மூன்று சிறு தீவுகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, காரணமாகச் சொன்னதும் மனிதனும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய நிலக்காட்சி என்பதையே. 1999-இல் இது தேசியப் பூங்கா ஆனது. சுமார் 38 சதுர கிலோமீட்டர் பரப்பில், இத்தாலியின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது இது. வழக்கமாகத் தேசியப் பூங்கா என்றால் மனிதக் கை படாத காட்டைக் காப்பது. இங்கே காக்க வேண்டியது மனிதக் கை செய்ததை. சாந்தில்லாமல் கல்லடுக்கும் கலையை 2018-இல் இத்தாலி உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பொதுப் பண்பாட்டு மரபாகவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

ஊர்கள் உருவான கதை கடலைவிட மலையோடுதான் அதிகம் தொடர்புடையது. கடற்கொள்ளையர் பயத்தால் மக்கள் முதலில் மேலே, மலைமுகட்டுப் பாதையை ஒட்டி வாழ்ந்தார்கள். பயம் ஓரளவு தணிந்தபின் 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் கீழே இறங்கிக் கடலோரப் பள்ளங்களில் குடியேறினார்கள். மேலே இருந்த பழைய குடியிருப்புகளின் நினைவாகவோ என்னவோ, இன்றும் ஒவ்வொரு ஊருக்கும் மலைமேல் ஒரு மாதா கோயில் உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு ஊரே அங்கே ஏறிப் போகும்.

அக்காலத்தில் இக்கடலை ஆண்டவர்கள் ஜெனோவாக் குடியரசினர். 1276-இல் ஃபியெஸ்கி என்ற பிரபுக் குடும்பத்திடமிருந்து இப்பகுதியில் பலவற்றை ஜெனோவா விலைக்கு வாங்கியது. 1284-இல் மெலோரியா கடற்போரில் பீசா நகரத்தை ஜெனோவா முறியடித்தபின் இக்கரையில் அதற்குப் போட்டியே இல்லாமல் போயிற்று. ஐந்து ஊர்களின் பெரிய தேவாலயங்கள் எல்லாம் ஏறக்குறைய இதையடுத்த நூறு ஆண்டுகளுக்குள் எழுந்தவை. கையில் கொஞ்சம் பணமும் மனதில் கொஞ்சம் நிம்மதியும் வந்த காலம் அது. நிம்மதி நிலைக்கவில்லை; 16-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து வந்த கொள்ளைக் கப்பல்கள் லிகூரியக் கரையைச் சூறையாடின. காவல் கோபுரங்கள் பெருகின. தேவாலய மணிக்கூண்டுகளும் காவல் வேலை பார்த்தன.

ஐந்தில் பெரிய ஊர் மோந்தெரோஸ்ஸோ. நீண்ட மணற்கரை இருப்பதும் இங்கே மட்டுமே. பழைய ஊரையும் ஃபெஜினா என்ற புதிய பகுதியையும் ஒரு குன்று பிரிக்கிறது, இடையே சுரங்கப்பாதை. பழைய ஊரின் நடுவே புனித யோவான் தேவாலயம் நிற்கிறது. வெள்ளைப் பளிங்கும் கரும்பச்சைக் கல்லும் மாறி மாறி வைத்துப் பட்டைபட்டையாகக் கட்டிய அதன் முகப்பு லிகூரியக் கட்டடக் கலையின் அடையாளம். ஃபெஜினா கடற்கரையின் ஓரத்தில் கடல் தேவன் நெப்டியூனின் 14 மீட்டர் உயரக் கான்கிரீட் சிலை பாறையோடு பாறையாக நிற்கிறது. 1910-இல் ஒரு மாளிகையின் அலங்காரமாகச் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் பின்னர் கடலலையிலும் கைகளை இழந்துவிட்டது.

கவிஞர் யூஜேனியோ மோந்தாலேயின் குடும்ப வீடும் ஃபெஜினாவில்தான் இருந்தது. 1896-இல் ஜெனோவாவில் பிறந்த அவர் சிறுவயது முதல் இளமைவரை கோடைகளை இங்கே கழித்தார். 1925-இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதி முழுக்க இந்தக் கரையின் வறண்ட சுவர்களும் வெயிலும் எலுமிச்சைத் தோட்டங்களும்தான். 1975-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தாலிய நவீனக் கவிதையின் தொடக்க நூல்களில் ஒன்று இத்தனை சின்ன இடத்திலிருந்து எழுந்தது வியப்புக்குரியது. ஆனால் வெயிலில் காயும் ஒரு கல்சுவரின் அருகே அரைமணி நேரம் இருந்தவருக்கு அது அவ்வளவு வியப்பாகத் தோன்றாது.

வெர்னாட்ஸாவுக்கு இயற்கையே ஒரு சிறு துறைமுகத்தைத் தந்திருக்கிறது. ஐந்தில் செழிப்பாக இருந்த ஊர் இதுதான். பாறை முனையில் தோரியா கோட்டையின் உருண்டைக் கோபுரம். துறைமுகத்தின் விளிம்பிலேயே, அலை தெறிக்கும் தூரத்தில், எண்கோண மணிக்கூண்டோடு புனித மார்கரெட் தேவாலயம். 1318-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அது குறிப்பிடப்படுகிறது. வீடுகள் குறுகலாக உயர்ந்து ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன; நடுவே ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துகள்.

கோர்னீலியா மட்டும் கடலைத் தொடுவதில்லை. சுமார் 100 மீட்டர் உயரப் பாறை முகட்டில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற ஏறத்தாழ 380 படிகள். படகும் இங்கே நிற்காது. ஊரின் முகம் வயலைப் பார்த்தே இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய டெகமெரான் கதைகளில் கோர்னீலியாவின் வெள்ளை ஒயின் ஒரு நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. அத்தனை பழைய புகழ் இவ்வூர்த் திராட்சைக்கு.

மனரோலா உலகெங்கும் நாட்காட்டிகளில் அச்சாகும் ஊர். கரும்பாறையின் மேல் வண்ண வீடுகள் குவிந்திருக்கும் அந்தக் காட்சிக்கு, கிறிஸ்துமஸ் காலத்தில் எதிர்க் குன்றில் இன்னொரு காட்சி சேர்கிறது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் பல பத்தாண்டுகளாகப் பழைய பொருள்களைக் கொண்டு செய்த இயேசு பிறப்புக் காட்சியின் நூற்றுக்கணக்கான உருவங்கள் திராட்சைப் படித்தளங்களில் விளக்கொளியில் நிற்கும். கடைசி ஊரான ரியோமஜ்ஜோரேயில் மலையிலிருந்து இறங்கும் ஓடையை மூடி அதன்மேல்தான் கடைத்தெரு அமைந்துள்ளது. மனரோலாவிலும் வெர்னாட்ஸாவிலும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெலெமாக்கோ சிஞ்ஞோரினி என்ற ஓவியர் ரியோமஜ்ஜோரேக்கு மீண்டும் மீண்டும் வந்து அதன் சந்துகளையும் பெண்களையும் தீட்டினார்.

ரியோமஜ்ஜோரேக்கும் தென்கிழக்கே, மலை கடலுக்குள் இறங்கி முடியும் முனையில் போர்த்தோவெனெரே இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஜெனோவா தன் கோட்டையாக்கிக்கொண்ட ஊர். கடலைப் பார்த்து ஒட்டிநிற்கும் அதன் உயர்ந்த வீடுகள் உண்மையில் கோட்டைச் சுவராகக் கட்டப்பட்டவை. பாறை நுனியில் நிற்கும் புனித பேதுரு தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டின் கோத்திக் பாணியில் அமைந்தது. எதிரே பல்மாரியா, தீனோ, தீனெத்தோ தீவுகள். பல்மாரியாவில் வெட்டிய, பொன்வரி ஓடும் கறுப்புப் பளிங்கு ஐரோப்பிய மாளிகைகளுக்குப் போயிற்று. இவ்வூர் நிற்கும் லா ஸ்பெட்சியா வளைகுடாவைக் கவிஞர்களின் வளைகுடா என்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி இதன் மறுகரையில் குடியிருந்தார். 1822 ஜூலையில் லிவோர்னோவிலிருந்து படகில் திரும்பும்போது புயலில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை.

இக்கரையின் சாப்பாடு பணக்கார விருந்தாக ஒருபோதும் இருந்ததில்லை. மேய்ச்சல் நிலம் இல்லை. ஆகவே மாட்டிறைச்சியும் வெண்ணெயும் அரிது. கோதுமை விளையாது, தானியம் கப்பலில் வர வேண்டும். இருந்ததெல்லாம் ஆலிவ் எண்ணெய், தோட்டத்துக் கீரை, மலையில் முளைக்கும் மூலிகை, எலுமிச்சை, சிறு மீன். இத்தனை குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு லிகூரியப் பெண்கள் செய்த சமையல், இத்தாலியின் மற்ற பகுதிகளின் ஆடம்பரச் சமையலோடு கூச்சமில்லாமல் போட்டியிடும்.

மீனில் முதலிடம் நெத்திலிக்கு. கோடை இரவுகளில் படகில் பெரிய விளக்கேற்றி, வெளிச்சத்துக்குக் கூடும் நெத்திலிக் கூட்டத்தை வலையால் வளைப்பார்கள். மோந்தெரோஸ்ஸோவின் நெத்திலிக்கு இத்தாலி முழுக்கப் பெயர் உண்டு. பிடித்த அன்றே தலையும் குடலும் நீக்கி, ஒரு வரிசை மீன், ஒரு வரிசை கல்லுப்பு என்று அடுக்கி, மேலே பாரம் வைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். உப்பு நீரை உறிஞ்சி, மீன் சிவந்து, வாசனை முதிரும். பிறகு கழுவி, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் சேர்த்து ரொட்டியோடு சாப்பிடுவது. புதிய மீனானால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தே பரிமாறுவார்கள், அடுப்பே வேண்டாம். வெர்னாட்ஸாவின் பெருமை, உருளைக்கிழங்கு, தக்காளி, நெத்திலி மூன்றையும் அடுக்கடுக்காக வைத்து, வெள்ளை ஒயினும் மூலிகைகளும் சேர்த்து வேகவைக்கும் பாத்திர உணவு. மீன், கிழங்கு, ரசம் மூன்றும் ஒன்றில் ஒன்று இறங்கியிருக்கும் அதைச் சாப்பிடாமல் அவ்வூரிலிருந்து திரும்புவது இழப்புதான்.

பக்கத்து லா ஸ்பெட்சியா நகரின் வளைகுடாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கறுப்புச் சிப்பிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். ரொட்டித்தூள், முட்டை, பாலாடைக்கட்டி, பொடியாக நறுக்கிய இறைச்சி ஆகியவற்றைச் சிப்பிக்குள் அடைத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைப்பது அங்கே வீட்டு விசேஷ உணவு. அந்நகரின் இன்னொரு உணவான மெஷூவா, கோதுமை மணியும் கொண்டைக்கடலையும் வெள்ளை பீன்ஸ் பயறும் தனித்தனியாக வேகவைத்துச் சேர்த்த கஞ்சி. துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது சிந்திய தானியங்களைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பொறுக்கி வந்து சமைத்ததிலிருந்து பிறந்தது என்று சொல்கிறார்கள். மேலே ஊற்றும் பச்சை ஆலிவ் எண்ணெயும் மிளகுத்தூளுமே அதற்கு அலங்காரம்.

லிகூரியா உலகத்துக்குக் கொடுத்த உணவு பெஸ்டோ. அதன் உயிர் பேசில் இலை. தமிழ்நாட்டில் திருநீற்றுப்பச்சிலை என்று வழங்கும் அதே செடி இனம். சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதையும் அதனுடையதே. ஜெனோவாப் பகுதியில் வளர்ப்பது சிற்றிலை வகை. நாற்றுப் பருவத்திலேயே, இலை மென்மையாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார்கள். முற்றினால் காரமான மணம் ஏறிவிடும். பளிங்குக் கல்லாலான சிறு உரலில் முதலில் பூண்டையும் பைன் கொட்டையையும் இடித்து, இலையும் கல்லுப்பும் சேர்த்து மர உலக்கையால் சுற்றிச் சுற்றி நசுக்கி, பிறகு இரண்டு வகைப் பாலாடைக்கட்டித் தூளும் ஆலிவ் எண்ணெயும் கலப்பார்கள். மிக்ஸியின் கத்தி சூடேறினால் இலை கருத்து மணம் மாறும் என்பதால் பழக்கமுள்ளவர்கள் இன்னும் உரலைத்தான் நம்புகிறார்கள். உரலில் பெஸ்டோ இடிக்கும் உலகப் போட்டி ஜெனோவாவில் 2007-இல் தொடங்கி, பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பெஸ்டோவை அடுப்பில் வைக்கக் கூடாது. பாஸ்தாவோடு உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பீன்ஸையும் ஒரே கொதிநீரில் வேகவைத்து வடித்து, அந்த நீரில் ஒரு கரண்டி விட்டு இளக்கிய பெஸ்டோவில் புரட்டியெடுப்பதே ஊர் வழக்கம்.

தெருவில் நடந்துகொண்டே தின்ன ஃபொக்காச்சா உண்டு. விரலால் குழி குழியாக அழுத்தி, குழிகளில் ஆலிவ் எண்ணெயும் உப்புநீரும் தேங்கும்படி சுட்ட தட்டை ரொட்டி. காலையில் அதைக் காபியில் தோய்த்துத் தின்பவர்கள் ஜெனோவாவில் நிறையப் பேர். ஃபரினாட்டா அதைவிடவும் எளிது: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. மாவைக் கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பின் கடும் சூட்டில் சுடுகிறார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக, முறுகச் சுட்ட அடையைப் போல் வரும். தமிழ் நாக்குக்கு இத்தாலியில் இதைவிடச் சீக்கிரம் பழகும் உணவு வேறு இருக்க முடியாது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் அதில் இல்லை.

திராட்சைதான் இந்த மலையின் தலைப்பயிர். பொஸ்கோ, அல்பரோலா, வெர்மென்தீனோ என்ற மூன்று வகைகளிலிருந்து உப்புக்காற்றின் சாயலோடு ஒரு வெள்ளை ஒயின் செய்கிறார்கள். காற்று பலமாக அடிப்பதால் கொடிகளை உயர விடாமல் தாழ்ந்த பந்தலில் படரவிடுவது பழைய முறை. குனிந்தும் மண்டியிட்டும்தான் பறிக்க வேண்டும். நல்ல குலைகளைத் தேர்ந்து ஷக்கெத்ரா என்ற இனிப்பு ஒயினுக்கு ஒதுக்கிவைப்பார்கள். செப்டம்பரில் பறித்த குலைகள் காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் வாடும். அழுகிய மணிகளை அவ்வப்போது கையால் கிள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நவம்பர் பிறந்த பிறகே பிழிவார்கள். 100 கிலோ திராட்சைக்கு 30 லிட்டர் அளவே தேறும். தேன் நிறத்தில், உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தின் மணத்தோடு வரும் அதைப் பழைய குடும்பங்கள் கல்யாணத்துக்கும் குழந்தை பிறப்புக்கும் நோய்ப்பட்டவருக்கும் என்று பூட்டிவைத்தன. இன்று கடையில் சிறு புட்டி வாங்கினாலும் விலை உறைக்கும். அந்த மலையையும் அந்தக் குனிவையும் பார்த்தவர்கள் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த உலகம் குலையத் தொடங்கியது ரயிலோடு. ஜெனோவாவையும் லா ஸ்பெட்சியாவையும் இணைக்கும் பாதை, மலையைத் துளைத்த சுரங்கங்கள் வழியாக 1874-இல் முழுமையடைந்தது. அதுவரை கோவேறு கழுதைப் பாதையும் படகுமே வழி. லா ஸ்பெட்சியாவில் 1869-இல் திறந்த கடற்படைத் தளமும் கப்பல் பட்டறைகளும் மாதச் சம்பளம் கொடுத்தன. ஆண்கள் போனார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்ப்பூச்சி நோய் கொடிகளை அழித்தது. மிச்சமிருந்த ஆசையும் போயிற்று. ஒருகாலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைத் தோட்டம் இன்று நூறு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கைவிட்ட படித்தளங்களில் பைனும் புதரும் மண்டின. காட்டுப்பன்றிகள் சுவரடியைத் தோண்டின.

2011 அக்டோபர் 25 அன்று அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. பக்கத்து வரா பள்ளத்தாக்கில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மோந்தெரோஸ்ஸோவிலும் வெர்னாட்ஸாவிலும் தெருவுக்கடியில் மூடப்பட்டிருந்த ஓடைகள் கல்லும் மண்ணும் மரமுமாக மேலே பொங்கின. வெர்னாட்ஸாவின் கடைத்தெரு பல மீட்டர் சேற்றில் புதைந்தது. வெர்னாட்ஸாவில் மூவர், மோந்தெரோஸ்ஸோவில் ஒருவர் உயிரிழந்தார்கள். பின்னர் வெர்னாட்ஸா ஓடையின் வடிநிலத்தை ஆராய்ந்த நிலவியலாளர்கள், கைவிட்டுச் சில பத்தாண்டுகளே ஆன படித்தளங்கள்தான் அதிகம் சரிந்தன என்று கண்டார்கள். பராமரித்த சுவர் தாங்கியது. காடு நன்றாக வேரூன்றிய பழைய சரிவும் ஓரளவு தாங்கியது. கவனிப்பாரும் இல்லாமல் காடும் ஆகாத நிலமே ஊர்மேல் இறங்கியது.

அதற்குப் பிறகு சுவர்களைப் பற்றிய பேச்சு தீவிரமாயிற்று. கல்லடுக்கும் பயிற்சிகள் நடக்கின்றன. தரிசு நிலங்களைப் பலரிடமிருந்து சேர்த்துக் குத்தகைக்கு எடுத்துச் செம்மைப்படுத்தும் முயற்சிகளும் உண்டு. மனரோலாவுக்கு மேலே குரோப்போ என்ற இடத்தில் உள்ள கூட்டுறவு ஆலை சிறு விவசாயிகளின் திராட்சையை வாங்கி ஒயினாக்குகிறது. பல் வைத்த ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் குட்டி இழுவை வண்டிகள் கூடை சுமக்கும் பாட்டைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் ஒரு சதுர மீட்டர் சுவரை எழுப்புவதற்கு இன்றும் மனிதக் கைதான் வேண்டும். சுற்றுலாவில் புரளும் பணத்தில் பெரும்பங்கு கீழே அறைகளுக்கும் உணவகங்களுக்கும் போகிறது. எந்தக் காட்சிக்காக அந்தப் பணம் வருகிறதோ அந்தச் சுவர்களுக்கு இன்னும் போதிய பங்கு போகவில்லை. இதை மாற்றுவதே பூங்கா நிர்வாகத்தின் முன்னுள்ள கடினமான வேலை.

ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே பாறை முகத்தில் செதுக்கிய 'காதல் பாதை'யின் வரலாறு இந்தச் சிக்கலுக்கு நல்ல உதாரணம். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான இப்பாதை 1920-களிலும் 30-களிலும் ரயில் பாதை வேலைகளை ஒட்டி உருவானது. இரண்டு ஊர் இளைஞர்களும் சந்திக்கும் இடமானதால் அந்தப் பெயர். 2012 செப்டம்பரில் பாறை விழுந்து பயணிகள் காயமடைந்ததும் மூடினார்கள். வலைகளும் நங்கூரக் கம்பிகளும் அடித்து மலைமுகத்தைக் கட்டிப்பிடித்து மீண்டும் திறக்க 2024 ஆயிற்று. இப்போது முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு; குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கையினரே நடக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஊர்களுக்குள் காரைக் கொண்டுபோக முடியாது. லா ஸ்பெட்சியாவிலோ மறுமுனையான லெவாந்தோவிலோ தங்கி ரயிலில் போவதே எளிது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில நிமிடங்கள்தான். கடலோர நடைபாதைக்கு அட்டை வாங்க வேண்டும். அந்த வருமானம் பாதைப் பராமரிப்புக்குப் போகிறது. மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். செருப்பு மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுபவர்களுக்கு அபராதம் உண்டு. மீட்புப் படையினர் அடிக்கடி ஏற நேர்ந்ததால் வந்த விதி அது. ஜூலையும் ஆகஸ்டும் வெயிலும் நெரிசலும். ஏப்ரல், மே மாதங்களில் மலை பச்சையாகவும் எலுமிச்சை காய்த்தும் இருக்கும். மோந்தெரோஸ்ஸோவில் மே மாதத்தில் எலுமிச்சைத் திருவிழாவும் உண்டு. செப்டம்பரில் திராட்சை அறுவடை.

நேரம் குறைவாக இருப்பவர்கள் ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு ஓடுவதைவிட, மனரோலாவிலிருந்து வோலாஸ்த்ரா என்ற மேலூருக்கு ஏறி, அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களின் ஊடாகக் கோர்னீலியாவுக்கு இறங்கும் ஒரு பாதையை நடப்பது நல்லது. இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஏற்றம் செங்குத்து, குடிநீர் கையில் வேண்டும். வழியின் பெரும்பகுதி தோட்டச் சுவர்களின் தலைமேலேயே போகிறது. ஆகவே கற்களை மிதித்துத் தள்ளாமல், குறித்த தடத்தைவிட்டு விலகாமல் நடக்க வேண்டும்.